ஆல் டெரெய்ன் டயர்: பட்டனைப் பார்ப்பதற்கு முன் பக்கச்சுவரைப் படியுங்கள்

கரடுமுரடான பாதைகளுக்கென்று நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கியவர்கள் அதில் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் டயரைத்தான். அந்த எண்ணம் சரியானதே. இன்ஜின் எவ்வளவு ஆற்றலைக் கொடுத்தாலும், அது நான்கு சக்கரங்களுக்கும் எவ்வளவு நேர்த்தியாகப் பகிரப்பட்டாலும், கடைசியில் நிலத்தைத் தொட்டு வண்டியை நகர்த்துவதும் திருப்புவதும் நிறுத்துவதும் டயர்தான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் புதிதாக வாங்குபவர்கள் தடுமாறுகிறார்கள். அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் டயர்களில் கண்ணை முதலில் இழுப்பது நிலத்தில் பதியும் அதன் முகம்; அந்த முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்கள் எவ்வளவு பெரியனவாகவும் முரட்டுத்தனமாகவும் தெரிகின்றனவோ, அந்த டயர் அவ்வளவு நல்லது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர்மாறான வரிசையை. பட்டனைக் கடைசியில் பாருங்கள். முதலில் டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளையும் எண்களையும் படியுங்கள். அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். டயரின் அளவு, அது தாங்கும் சுமை, அதன் வயது, அதன் உறுதி ஆகிய நான்கும் அங்கேதான் தெரியும். இவற்றில் ஒன்று தவறினால், எப்பேர்ப்பட்ட பட்டனும் அந்தத் தவறை ஈடுகட்டாது.

ஆல் டெரெய்ன் டயர் என்பது என்ன

இலகு ரக லாரிகளுக்கும் எஸ்.யூ.வி.களுக்குமான டயர்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஹெச்.டி. எனப்படும் ஹைவே டெரெய்ன் டயர் தார்ச்சாலைக்கானது. அதன் பட்டன்கள் நெருக்கமாகவும், அவற்றுக்கு இடையிலுள்ள பள்ளங்களான காடிகள் குறுகலாகவும் இருக்கும், புதிதாக இருக்கும்போது காடியின் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். எம்.டி. எனப்படும் மட் டெரெய்ன் டயர் சேற்றுக்கானது; பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் மிக அகலமானவை, ஆழம் 14 முதல் 16 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஏ.டி. எனப்படும் ஆல் டெரெய்ன். பெரும்பாலான ஏ.டி. டயர்களின் ஆழம் 10 முதல் 13 மில்லிமீட்டருக்குள் அடங்கும்.

எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று பெயர் சொன்னாலும், எந்த நிலத்திலும் அது முதலிடத்தில் இருப்பதில்லை. தார்ச்சாலையில் ஹெச்.டி. டயர் அதைவிட அமைதியாகவும், ஈரத்தில் அதைவிடக் குறைந்த தூரத்திலும் நிற்கும். ஆழமான சேற்றில் எம்.டி. டயர் அதைவிட எளிதாக வெளியேறும். ஏ.டி. டயரின் தகுதி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பயணத்தில் நெடுஞ்சாலை, சரளைப் பாதை, மணல், சிறு பாறைகள் எல்லாவற்றையும் கடந்து, டயரை மாற்றாமல் வீடு திரும்ப உதவுவது அது. எந்தத் திறனை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் வேறு விதமாக முடிவு செய்வதால், ஏ.டி. என்ற ஒரே பெயரின் கீழ் ஏறக்குறைய ஹெச்.டி.யைப் போன்றவையும் ஏறக்குறைய எம்.டி.யைப் போன்றவையும் விற்கப்படுகின்றன. பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

நிலத்துக்கு நிலம் பிடிப்பு எப்படி மாறுகிறது

காய்ந்த தார்ச்சாலையில் பிடிப்பைத் தருவது ரப்பர் சாலையோடு ஒட்டி உரசும் பரப்புதான். அங்கே இடைவெளி குறைந்து ரப்பர் அதிகம் பட்டால் நல்லது. பட்டன் உயரமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் அது வளைந்து நெளியும்; ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி சற்றுத் தாமதித்துத் திரும்புவதுபோல் தோன்றுவது இதனால்தான். ஈரச் சாலையில் கதை இரண்டாகப் பிரிகிறது. ஆழமான காடிகள் தேங்கிய நீரை வெளியேற்ற உதவுகின்றன. ஆனால் கல் கிழிக்காமலிருக்கக் கடினமாகச் செய்யப்பட்ட ரப்பர் கலவையும், சாலையைத் தொடும் குறைவான பரப்பும் சேர்ந்து பிரேக் தூரத்தை நீட்டக்கூடும். வண்டியின் பெரும்பகுதி ஓட்டம் மழைக்கால நெடுஞ்சாலையில் என்றால், இதை வேறெல்லாவற்றுக்கும் மேலாக எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. மலைப்பாதையில் சிக்கிக்கொள்வது தொல்லை; நெடுஞ்சாலையில் நிற்காமல் போவது ஆபத்து.

சேற்றில் ரப்பரின் ஒட்டும் தன்மைக்கு வேலையே இல்லை. அங்கே பட்டனின் விளிம்பு சேற்றை வெட்டி, பின்னே தள்ளி, அந்தத் தள்ளலில் வண்டியை முன்னே நகர்த்துகிறது. ஒரு சுற்று முடிவதற்குள் இடைவெளியில் சிக்கிய சேறு வெளியே வீசப்பட வேண்டும். இல்லாவிட்டால் டயர் முழுவதும் சேற்றால் பூசப்பட்டு வழவழப்பான உருளையாக மாறிவிடும். களிமண் சேற்றில் ஏ.டி. டயர் தோற்பது இப்படித்தான். அதன் இடைவெளிகள் எம்.டி.யைப் போல அகலமானவை அல்ல, எனவே ஒட்டிய களிமண் எளிதில் கழலாது.

மணலில் நிலைமை மீண்டும் தலைகீழ். மணலைத் தோண்டினால் வண்டி புதையும். மேலே மிதந்து செல்ல வேண்டும். மிதப்பதற்குத் தேவை எடையைப் பரப்பும் பெரிய தொடுபரப்பு, அதைத் தருவது பட்டனைவிடக் காற்றழுத்தம். முரட்டு எம்.டி. டயர் பொருத்திய வண்டி மணலில் தானே குழி பறித்துக்கொண்டு நிற்க, காற்றைக் குறைத்த சாதாரண டயர் பொருத்திய வண்டி அதைக் கடந்து போவது இதனால்தான். பாறையிலோ, டயர் பாறையின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து அதைக் கவ்விக்கொள்ள வேண்டும்; அந்த நேரத்தில் பக்கச்சுவர் கூர்மையான விளிம்புகளில் உரசும். சரளைப் பாதையில் பிடிப்பைவிடக் கிழிபடாமையே பெரிய கவலை.

ஆகவே முதல் கேள்வி டயரைப் பற்றியதல்ல, வண்டியின் வழித்தடத்தைப் பற்றியது. உங்கள் வண்டி கடந்த ஓராண்டில் ஓடிய மொத்தத் தூரத்தில் எவ்வளவு தார்ச்சாலை, எவ்வளவு சரளை, எவ்வளவு மணல் அல்லது சேறு என்று உண்மையான கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். போக ஆசைப்படும் இடங்களை அதில் சேர்க்க வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்று வந்தால் சாலைப் பக்கம் சாய்ந்த ஏ.டி. டயரே போதும், அதில் சிறுமை ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் சரளையும் பாறையுமாக இருந்தால் கனமான, உறுதியான வகைக்குச் செல்லலாம். வாரந்தோறும் ஆழ்ந்த சேற்றில் இறங்குபவருக்கு ஏ.டி. டயரே சரியான விடை அல்ல.

அளவு சொல்லும் செய்தி

பக்கச்சுவரில் 265/70 ஆர்17 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 265-இல் 70 விழுக்காடு 185.5 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆதலால் ரிம்மின் விட்டம் 431.8, அதோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களின் உயரத்தைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர், அதாவது சுமார் 31.6 அங்குலம். சில டயர்களில் 31×10.50 ஆர்15 என்பதுபோல் வேறு முறையில் எழுதியிருப்பார்கள். அங்கே 31 மொத்த விட்டம், 10.50 அகலம், 15 ரிம், மூன்றும் அங்குலத்தில்.

இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பழகிவிட்டால் பெரிய டயர் போடுவது என்ற ஆசையின் விளைவுகள் தெளிவாகத் தெரியும். மேற்சொன்ன டயருக்குப் பதிலாக 285/70 ஆர்17 பொருத்தினால் விட்டம் சுமார் 831 மில்லிமீட்டராகிறது. 28 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர் மட்டுமே. ஏனென்றால் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. இந்த 14 மில்லிமீட்டருக்காக நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சுற்றளவு 3.5 விழுக்காடு கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது வண்டியின் வேகம், முன்பிருந்ததோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 103.5 ஆக இருக்கும். ஒவ்வொரு கியரும் சற்று நீண்டதுபோல் ஆகிவிடுவதால் இழுவிசை குறையும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டிய தருணத்தில்தான் இந்தக் குறை தெரியும். டயரின் எடையும் கூடுவதால் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வேலை அதிகம், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

இடிபடும் சிக்கல் வேறு இருக்கிறது. சமதளத்தில் நிற்கும் வண்டியில் பெரிய டயர் அழகாகப் பொருந்திவிடும். ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பி, ஒரு சக்கரம் மேட்டில் ஏறிச் சஸ்பென்ஷன் முழுமையாக அமுங்கும் நிலையில்தான் டயர் மட்கார்டிலோ சேசிஸிலோ உரசத் தொடங்கும். கரடுமுரடான பாதையில் அந்த நிலை அடிக்கடி வரும். எனவே முதல்முறையாக மாற்றுபவர்களுக்கு என் பரிந்துரை எளிமையானது: வண்டித் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலேயே, அல்லது அந்த மாடலுக்கு அவரே அனுமதிக்கும் மாற்று அளவுகளில் ஒன்றிலேயே, நல்ல ஏ.டி. டயரை வாங்குங்கள். அதே அளவில் வகையை மாற்றுவதே பெரிய முன்னேற்றத்தைத் தரும்.

அளவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்த விட்டம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும், ரிம் சிறியதாக இருக்கும்போது பக்கச்சுவர் உயரமாக இருக்கும். 265/60 ஆர்18, 265/50 ஆர்20 ஆகிய இரண்டின் விட்டமும் 775 மில்லிமீட்டரை ஒட்டியே வரும். ஆனால் முதலாவதில் பக்கச்சுவர் 159 மில்லிமீட்டர், இரண்டாவதில் 132.5 மட்டுமே. உயரமான சுவர் கல்லில் மோதும்போது நன்றாக அமுங்கி ரிம்மைக் காப்பாற்றும். காற்றைக் குறைத்தால் நன்றாகப் பரவும். பெரிய ரிம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், கரட்டுப் பாதையில் பயன் குறைவு. ரிம்முக்குள் இருக்கும் பிரேக் பாகமான காலிப்பருக்கு இடம் இருக்குமானால், சிறிய ரிம்மும் உயரமான சுவருமே இந்த வேலைக்கு ஏற்றவை.

அகலமானதா, குறுகலானதா என்ற வாதம் எப்போதும் ஓய்வதில்லை. ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்றால் தொடுபரப்பின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதன் வடிவம்தான் மாறுகிறது. அகலமான டயரில் அது குட்டையாகவும் அகன்றும், குறுகலான டயரில் நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கும். மெல்லிய சேற்றுப் படலத்துக்கு அடியில் கெட்டித்தரை இருக்கும் இடங்களில் குறுகலான டயர் சேற்றைப் பிளந்து தரையைத் தொட்டுவிடும். அடியில் கெட்டித்தரையே இல்லாத இளகிய நிலத்தில் பெரிய, அகன்ற டயருக்கே அனுகூலம்.

சுமையும் வேகமும்

அளவுக்குப் பக்கத்தில் 115டி என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு, எழுத்து வேகக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 115 என்றால் 1,215 கிலோ. 121 என்றால் 1,450 கிலோ. கியூ என்ற எழுத்து மணிக்கு 160 கிலோமீட்டரையும், எஸ் 180-ஐயும், டி (T) 190-ஐயும் உச்ச வேகமாகக் காட்டுகின்றன. 121/118 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது அச்சின் ஒவ்வொரு முனையிலும் ஒரு டயர் ஓடும்போதும், இரண்டாவது அங்கே இரட்டை டயர் ஓடும்போதும் பொருந்தும். புதிய டயரின் சுமைக் குறியீடு வண்டித் தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் குறையவே கூடாது. கூரையில் சாமான், பின்னால் தண்ணீர், எரிபொருள், கருவிகள் என்று ஏற்றிச் செல்லும் வண்டியில் சுமை நான்கு டயர்களிலும் சமமாக இறங்குவதில்லை. பின் அச்சே பெரும்பங்கைச் சுமக்கிறது.

இங்கே புதியவர்கள் அதிகம் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏ.டி. டயர்கள் பலவும் ஒரே அளவில் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன: ஒன்று பயணிகள் வண்டிக்கான இலகுவான கட்டமைப்பு, மற்றது அளவுக்கு முன்போ பின்போ எல்.டி. என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்ட, இலகு ரக லாரிக்கான கனமான கட்டமைப்பு. எல்.டி. டயர்களில் சி, டி (D), இ எனச் சுமைத் தரங்கள் உண்டு. இவை பழைய கணக்கில் முறையே 6, 8, 10 பிளைக்கு, அதாவது நூலிழை அடுக்குகளுக்கு, சமம் என்று சொல்லப்படும். இன்றைய டயருக்குள் அத்தனை அடுக்குகள் உண்மையில் இருப்பதில்லை, வலிமை அதற்கு இணையானது என்பதே பொருள். இந்தத் தரங்களுக்கான உச்ச அழுத்தம் பெரும்பாலும் முறையே 50, 65, 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அலகு) ஆகும்.

எல்.டி. டயர் வலுவானது, எனவே அதிகச் சுமை தாங்கும் என்று பொதுவாக நம்புகிறார்கள். உச்ச அழுத்தத்தில் அது உண்மை. ஆனால் அதே அளவுள்ள இரு டயர்களிலும் 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும்போது, எல்.டி. டயர் பயணிகள் டயரைவிடக் குறைவான எடையையே தாங்கும். அது தன் முழுத் திறனை எட்டுவது உயர்ந்த அழுத்தத்தில்தான். எனவே பயணிகள் டயரிலிருந்து எல்.டி.க்கு மாறுபவர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பழைய அழுத்தத்தையே தொடர்ந்தால் டயர் குறைக்காற்றில் ஓடிச் சூடேறும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை டயர் தயாரிப்பாளரின் சுமை அழுத்த அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தை அப்படியே நிரப்புவதும் தவறு. அது அந்த டயரின் எல்லை, உங்கள் வண்டிக்கான அளவல்ல.

எல்.டி. டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதல் எடை கொண்டது. சாலையில் சற்றுக் கடினமாகக் குலுக்கும். சுமை குறைந்த, பெரும்பாலும் சாலையிலேயே ஓடும் எஸ்.யூ.வி.க்கு அது தேவையில்லை. கூர்மையான கற்கள் நிறைந்த பாதையில் முழுச் சுமையோடு செல்பவர்களுக்கு அது தேவை.

பக்கச்சுவரின் உறுதி

ரேடியல் டயரில் நூலிழை அடுக்குகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுகின்றன. நிலத்தில் பதியும் பகுதிக்கு அடியில் மட்டும் எஃகு பெல்ட்டுகள் சுற்றியிருக்கின்றன. மிஷலின் 1946-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கட்டமைப்பால் முகம் தட்டையாகப் பதிந்திருக்க, பக்கச்சுவர் தனியே வளைய முடிகிறது. பி.எஃப். குட்ரிச் 1976-இல் ரேடியல் ஆல் டெரெய்ன் டயரை வெளியிட்ட பிறகு, சாலைக்கும் கரட்டு நிலத்துக்கும் ஒரே ரேடியல் டயர் என்ற எண்ணம் பரவலாயிற்று. வளையும் சுவர் தரும் நன்மைகள் பல. ஆனால் எஃகு பெல்ட்டின் காப்பு அந்தச் சுவருக்கு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

முகத்தில் ஆணி குத்தினால், ஓட்டை சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை, அதை முறையாகப் பழுதுபார்த்துத் தொடரலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் ஒட்டு நிற்காது. ஆகவே கல் நிறைந்த பாதைகளுக்குப் போகிறவர், பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்று கேட்டே ஆக வேண்டும். இதை ஊகிக்கவும் தேவையில்லை. பல நாடுகளில் விற்கப்படும் டயர்களில் முகத்துக்கும் சுவருக்கும் எத்தனை பிளை, என்ன இழை என்பதைப் பக்கச்சுவரிலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு அடுக்கு வழக்கமானது; மூன்று அடுக்கு கூடுதல் பாதுகாப்பு. முகமும் சுவரும் சேரும் விளிம்பான தோள்பட்டையிலிருந்து சுவர்வரை இறங்கி வரும் தடித்த ரப்பர் முண்டுகளும் உதவும்: அவை கல்லைச் சற்றுத் தள்ளி நிறுத்தும், காற்றுக் குறைந்த நிலையில் தாமே பிடிப்பும் தரும்.

இப்போது பட்டனைப் பார்க்கலாம்

அளவும் சுமையும் சுவரும் சரியாக அமைந்த டயர்கள் இரண்டு மூன்று கையில் இருக்கும்போதுதான் பட்டன் பேச்சுக்கு வருகிறது. பட்டனின் மேல் சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தால் ஈரத்திலும் பனியிலும் பிடிப்புக் கூடும். மிக அதிகமாக இருந்தால் கூர்மையான கல்லில் பட்டன் துண்டு துண்டாகப் பெயரும். காடியின் அடியில் வரிசையாகச் சிறு மேடுகள் இருந்தால், அவை சிக்கிய கல்லை வெளியே தள்ளுவதற்கானவை. கல் அங்கேயே தங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். பட்டன்களின் அளவு சுற்றளவு முழுவதும் ஒரே சீராக இல்லாமல் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். ஓசை ஒரே சுருதியில் குவியாமல் சிதறுவதற்காக அப்படிச் செய்கிறார்கள், அமைதியான ஏ.டி. டயரின் அடையாளம் அது.

பனிப்பொழிவு உள்ள இடங்களில் ஓட்டுபவர்கள் இரண்டு குறிகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்துகள் காடிகளின் வடிவத்தை வைத்துத் தரப்படுபவை. அதற்குப் பனியில் சோதனை தேவைப்படுவதில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம், 1999-இல் வட அமெரிக்காவில் அறிமுகமானது, இறுகிய பனியில் நடத்தப்படும் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே கிடைக்கும். பனிக்கட்டிமேல் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதை அந்தச் சின்னமும் சொல்லாது.

வாங்கும் நேரத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் பயன்படுத்தாமல் இருந்தாலும் முதுமையடையும். கரட்டு வண்டிகள் ஆண்டுக்குக் குறைவான தூரமே ஓடுவதால், பட்டன் தேய்வதற்கு முன் டயருக்கு வயதாகிவிடுவது இயல்பு. பத்து ஆண்டுகளைக் கடந்த டயரை, எவ்வளவு ஆழம் மிச்சமிருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்றே பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

ஐந்தும் ஒன்றாக

நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உள்ள டயர்களே ஓட வேண்டும். 12 மில்லிமீட்டர் ஆழமுள்ள புதிய டயரையும் 5 மில்லிமீட்டராகத் தேய்ந்த அதே டயரையும் ஒப்பிட்டால், விட்டத்தில் 14 மில்லிமீட்டர் வேறுபாடு. நாம் முதலில் பார்த்த 265/70 ஆர்17 அளவில், தேய்ந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 7 சுற்றுகள் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இந்த வேறுபாடு இருந்தால், எப்போதும் நான்கு சக்கர இயக்கத்தில் ஓடும் வண்டியில், முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரென்ஷியல் ஓய்வின்றி உழைத்துச் சூடேறும்; நடு டிஃபரென்ஷியலே இல்லாத வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டினால் அந்த இழுபறி முழுவதும் கியர்கள்மேல் ஏறும். ஸ்டெப்னியும் இதே டயராக இருப்பது நல்லது. ஐந்தையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்சி முறையில் இடம் மாற்றினால் எல்லாம் ஒன்றாகத் தேயும். ஸ்டெப்னி மட்டும் வெயிலில் தொங்கி வீணாவதும் தவிர்க்கப்படும்.

காற்று

எந்த ஏ.டி. டயரை வாங்கினாலும், காற்றைக் குறைக்கவும் மீண்டும் ஏற்றவும் கருவி இல்லாவிட்டால் அதன் பயனில் பாதியைத்தான் பெறுவீர்கள். ஒரு நல்ல அழுத்தமானியும் வண்டியின் பேட்டரியில் இயங்கும் கம்ப்ரஸரும் டயரோடு சேர்த்து வாங்க வேண்டியவை. காற்றைக் குறைக்கும்போது தொடுபரப்பு அகலத்தைவிட நீளத்தில்தான் மிகுதியாகக் கூடுகிறது. டாங்கியின் சங்கிலித் தடம்போல நிலத்தில் நீண்டு படிகிறது. சாலையில் 35 பி.எஸ்.ஐ.யில் ஓடும் நடுத்தர எடையுள்ள வண்டிக்குச் சரளைப் பாதையில் 25 முதல் 28, மணலில் 15 முதல் 18 என்று தொடங்கலாம். வண்டி கனமானால் எண்ணும் சற்றுக் கூட வேண்டும். 15-க்குக் கீழே போனால், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பீட் விளிம்பு திருப்பத்தில் கழன்றுவிடும் வாய்ப்பு உண்டு. அதைப் பூட்டிவைக்கும் பீட்லாக் ரிம் இல்லாதவர்கள் அங்கே போகாமலிருப்பதே நல்லது.

காற்றைக் குறைத்தவுடன் வேகத்தையும் குறைக்க வேண்டும். தளர்ந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ஆழமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு வெப்பமாகிறது. வேகம் கூடினால் வெப்பம் வெளியேற நேரமில்லாமல் டயர் உள்ளிருந்தே சிதையும். மணலைத் தாண்டித் தார்ச்சாலையைத் தொட்டதும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், நிறுத்திக் காற்றை ஏற்றிய பிறகே கிளம்ப வேண்டும். புது டயர் என்ற நம்பிக்கையில் இதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைப்பாக இருக்கும்; நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடித்தால் பறிபோவது உயிர்.

எப்போது மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு, காடிக்குள் இருக்கும் தேய்மானக் குறியீட்டு மேடுகள் 1.6 மில்லிமீட்டரைக் காட்டும். பல நாடுகளில் சட்ட வரம்பும் அதுவே. ஆனால் சேற்றிலும் ஈரத்திலும் ஏ.டி. டயரின் பயன் அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். ஆழம் பாதிக்குக் கீழே வந்ததும் அதைச் சாலை டயராக எண்ணியே பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. ஆழமானியை நடுவிலும் இரு தோள்களிலும் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக இருந்திருக்கிறது. இரு தோள்களும் தேய்ந்திருந்தால் குறைவாக இருந்திருக்கிறது. ஒரு தோள் மட்டும் தேய்ந்திருந்தால், அடுத்த டயரை வாங்குவதற்கு முன் வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்க்க வேண்டும்.